ஈடு வைத்த மீசை

கிரிவலப் பாதையோரம் இருக்கும் அடி அண்ணாமலையில் தசரதனின் மீசை ஊரறிய ஈடு வைத்த மீசை. அந்தக் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு கிணற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

தசரதனுக்கும் அவருடைய பெரியப்பா மகன் தருமனுக்கும் பொதுவில் அந்தக் கிணறு இருந்தது. மோட்டாருக்கான கரண்டு சர்வீஸ் தருமன் பேரில். ஒரு கோடையில், வேர்க்கடலைக்குத் தண்ணீர் கட்டும் முறை தசரதனுக்கு வந்தபோது, தருமன் ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஊர் கூடியது, பேச்சு தடித்தது. கடைசியில் தருமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "தண்ணி இல்லாம எத்தினி நாளு தாங்குவ? ஒருநாளு உன் வீட்லேருந்து வந்து என் காலைப் புடிக்கத்தான் போறீங்க."

தசரதன் இடத்தைவிட்டு அசையவில்லை. "எங்க வீட்ல எவனும் எவன் காலையும் புடிச்சது கெடையாது. அப்படி ஒரு நாள் வந்தா இந்த மீசைய எடுத்துட்டுத் தெருவுல நடக்கறேன்" என்றார்.

சொன்னதோடு நிற்கவில்லை. அந்த மாதமே தன் நிலத்தில் போர் போட்டார். தண்ணீரும் வந்தது. அண்ணன் தம்பி பேச்சு அன்றோடு அறுந்தது. பின்னால் பால் சொசைட்டித் தலைவர் பதவிக்கு நின்று ஜெயித்தார். ஓட்டுக்காக ஒரு வாசலிலும் குழைந்து நிற்கவில்லை. மகள் எழிலரசிக்கு பிசியோதெரபி படிப்பில் சீட்டு வாங்க எந்தப் பெரிய மனிதர் வீட்டிலும் காத்துக் கிடக்கவில்லை. அவள் எடுத்த மார்க்கே வாங்கிக் கொடுத்தது. வேங்கிக்காலில் தனியார் ஆஸ்பத்திரி வேலையும் அப்படியே. கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கும் வேங்கிக்கால் குமரேசனுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தபோதும் மாப்பிள்ளை வீட்டார்தான் தேடி வந்து பெண் கேட்டார்கள். இவற்றையெல்லாம் தசரதன் கல்யாணப் பந்தியில், சொசைட்டி வாசலில், டீக்கடை பெஞ்சில் வரிசையாகச் சொல்வார். முடிக்கும்போது "எவன் காலையும் புடிக்கல" என்று மீசையை ஒருதரம் நீவிக்கொள்வார்.

அப்படிப்பட்ட வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிக்குழம்புச் சாப்பாட்டின் நடுவில், அம்மா வீட்டுக்கு வந்திருந்த எழிலரசி சொன்னாள்:

"அப்பா, பௌர்ணமிக்குப் பௌர்ணமி நம்ம டிராக்டர் ஷெட்டை எனக்குக் குடுங்க. கிரிவலம் வர்றவங்களுக்குக் கால் புடிச்சி விடப் போறேன்."

பாத சிகிச்சை என்றோ தசைப் பயிற்சி என்றோ அவள் சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் அவற்றுக்கெல்லாம் வாய்நிறைய பெயர் உண்டு. ஆனால் சாப்பிடும்போது அப்பாவிடம் பேசுகிறவளுக்கு வீட்டுச் சொல்தான் வாயில் வந்தது. மோர் ஊற்ற வந்த தசரதனின் மனைவி வெள்ளையம்மாள் சொம்போடு நடுவழியில் நின்றாள். அவளுக்குத் தெரியும், அந்த வீட்டில் எந்தச் சொல்லைச் சொல்லக் கூடாதென்று.

தசரதன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். கத்தவில்லை. அவர் கத்துகிற ஆள் இல்லை. முதுகை இன்னும் ஒரு விரற்கடை நிமிர்த்திக்கொள்வார், அவ்வளவுதான். படித்த பெண், சம்பளம் வாங்குகிற பெண், அவளுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டார்.

எழிலரசி பொறுமையாகச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் அவளோடு வேலை செய்பவர்கள் பாதிப் பேருக்குப் பக்கத் தொழில் ஒன்று இருக்கிறது. ஒரு நர்ஸ் போனிலேயே புடவை விற்கிறாள். லேப்காரர் மனை புரோக்கர். பெரிய டாக்டருக்கே ஒரு கல்யாண மண்டபம். அவளும் ஆறேழு மாதம் புடவை விற்றுப் பார்த்தாள். நன்றாகவே போனது. ஆனால் ஒவ்வொரு பார்சலைக் கட்டும்போதும், இதைச் செய்ய நான் படித்திருக்கவே வேண்டாமே என்று தோன்றிக்கொண்டே இருந்தது. நிறுத்திவிட்டாள். இப்போது யோசித்துத்தான் வந்திருக்கிறாள். வேலையை விடப் போவதில்லை, ஆஸ்பத்திரியில் சொல்லி ஒப்புதலும் வாங்கிவிட்டாள்.

தசரதன் தொழில் என்ற பேச்சுக்கு எதிரி இல்லை. கீழ்பென்னாத்தூரில் சிநேகிதர் ஒருவர் எண்ணெய் செக்கு வைத்திருக்கிறார், அதில் கூட்டுச் சேரலாம் என்றார். வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் இடத்தில் யாத்திரைக்காரர்களுக்கு நாலு ரூம் கட்டி விடலாம், அதுவும் கௌரவமான தொழில்தான் என்றார். எழிலரசி எல்லாவற்றுக்கும் தலையசைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஆஸ்பத்திரியில ஒரு ஆளுக்குப் பத்து நிமிஷம்பா. மெஷினை வெச்சி எடுத்து அனுப்பிடணும். வீட்டுக்குப் போயி அவங்க நடந்தாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது. போன பௌர்ணமிக்கு நம்ம வாசல்ல ஒரு அம்மா உக்காந்து அழுதுக்கினு இருந்தாங்க. பாதி மலைக்கு மேல சுத்திட்டாங்க, கால மடக்க முடியல. கொஞ்ச நேரம் பார்த்து விட்டேன். எழுந்து நடந்து, அந்த வளைவைத் தாண்டிப் போறத என் கண்ணால பார்த்தேன். படிச்சதுக்குக் கூலி அன்னிக்குத்தான் கெடைச்சாப்ல இருந்துச்சி."

அது தசரதனுக்குப் புரிந்தது. புரியாமல் இல்லை. அதனால் அவர் ஒரு படி இறங்கி வந்தார். கிரிவலப் பாதையில் மோர் கொடுக்கிறார்கள், அன்னதானம் போடுகிறார்கள். அதுபோலப் புண்ணியமாகச் செய்வதென்றால் செய்யட்டும். காசு வாங்கிக்கொண்டு ஊரான் காலைப் பிடிப்பதென்பது மட்டும் இந்த வீட்டில் நடக்காது.

"சும்மா செஞ்சா ரெண்டு பௌர்ணமிக்குச் செய்வேன். மூணாவதுக்கு எனக்கே ஒடம்பு வலிக்குதுன்னு படுத்துக்குவேன். காசு வாங்கினா படுக்க முடியாது, வந்தாகணும். சுத்தமான துணி வெக்கணும், தொணைக்கு ஒரு ஆள் வெக்கணும். தொழில்னா தொழிலாட்டம் இருக்கணும்பா."

"அப்ப ஷெட்டு கெடையாது" என்றார் தசரதன்.

எழிலரசி அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. கெஞ்ச அவளுக்கு வராது, வளர்ப்பு அப்படி. எழுந்து கை கழுவினாள். துண்டில் துடைத்துக்கொண்டே, "சரிப்பா. பெரியப்பா அவரு கடைக்குப் பக்கத்து ரூமைத் தர்றேன்னு சொல்லியிருக்காரு. அங்க வெச்சிக்கறேன்" என்றாள்.

"எந்தப் பெரியப்பா?"

"எனக்கு இருக்கறது ஒரு பெரியப்பாதானே."

வெள்ளையம்மாள் மோரை இலையில் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். சிரிப்பை அடக்கத்தான் போனாள் என்பது தசரதனுக்குத் தெரியும். தன் மகள் தருமன் இடத்தில், தருமன் கொடுத்த சாவியால் திறந்து உட்காருவதா? தருமன் அதை எந்த நோக்கத்தோடு சொல்லியிருப்பார் என்பதைக் கண்டுபிடிக்க ஜோசியர் தேவையில்லை. அன்று சாயங்காலமே தசரதன் டிராக்டரை ஷெட்டிலிருந்து வெளியே எடுத்துப் புளியமரத்தடியில் நிறுத்தினார்.

ஆனால் இரண்டு நிபந்தனை போட்டார். முதலாவது, போர்டில் அவர் பெயர் வரக் கூடாது. இரண்டாவது, அவள் யார் காலடியிலும் உட்காரக் கூடாது, குனியவும் கூடாது. "நின்னுக்கினு செய். வர்றவன் படுத்துக்கட்டும். என் வீட்டுப் பொண்ணு முதுகு எவன் முன்னாலயும் வளையக் கூடாது."

இரண்டாவது நிபந்தனை அப்படியே நிறைவேற வழியும் அவரே செய்தார். ராஜேந்திரனின் வெல்டிங் பட்டறைக்குப் போய், மகளின் இடுப்பு உயரத்தைக் கையால் காட்டி, அதற்குச் சரியாக இரும்புச் சட்டத்தில் ஒரு நீளக் கட்டில் செய்யச் சொன்னார். ஏறிப் படுக்க இரண்டு படி. மேலே ரப்பர் மெத்தை. கட்டில் ஷெட்டுக்கு வந்து இறங்கியதும் எழிலரசி பக்கத்தில் நின்று பார்த்தாள். உயரம் கன கச்சிதம். இப்படித்தான் இருக்க வேண்டும், குனிந்து வேலை செய்தால் ஐந்து வருடத்தில் எங்கள் முதுகு போய்விடும், கல்லூரியில் முதல் பாடமே இதுதான் என்றாள். தசரதன் மீசைக்குள் ஏதோ முனகிக்கொண்டு போனார். மானத்துக்காகப் போட்ட நிபந்தனை வைத்தியத்துக்கும் பொருந்தியதில் அவருக்குச் சந்தோஷம்தான். காட்டிக்கொள்ளவில்லை.

போர்டில் 'எழிலரசி, பிசியோதெரபிஸ்ட். பாத வலி, கெண்டைக்கால் பிடிப்பு' என்று மட்டும் இருந்தது.

முதல் பௌர்ணமிக்கு தசரதன் வீட்டுக்குள்ளேயே இருந்தார். ஜன்னல் கதவைச் சாத்தி வைத்திருந்தார். ஆனால் அந்த ஜன்னலுக்குக் கொக்கி நெடுநாளாக இல்லை, காற்றுக்குத் தானாகத் திறந்துகொள்ளும். கோயிலிலிருந்து புறப்பட்டவர்கள் அடி அண்ணாமலைக்கு வரும்போது பாதி மலைக்கு மேல் சுற்றியிருப்பார்கள். வெறுங்காலில் தார் ரோட்டில் நடந்த கால்கள். சுக்குக் காபிக்காரர்கள் கூவுகிற சத்தத்துக்கு நடுவே, நொண்டிக்கொண்டு வந்து ஏறுகிறவர்களையும் சற்று நேரத்தில் இறங்கிப் போகிறவர்களையும் பார்த்தார். மகளின் முதுகையும் பார்த்தார். வளையவில்லை.

இரண்டாவது பௌர்ணமிக்கு நாற்காலி வாசலுக்கு வந்தது. மூன்றாவதுக்கு ஷெட்டின் பக்கத்துக்கே வந்துவிட்டது. ஒரு போலீஸ்காரர் வரிசையை மீறி நுழையப் பார்த்தபோது, "எல்லாருக்கும் ஒரே காலுதான் சார், பின்னால போயி நில்லுங்க" என்று தசரதன் சொன்னார். அதற்குப் பிறகு வரிசை அவர் பொறுப்பு என்றாகிவிட்டது. எதிர்ப்புற டீக்கடை மண்ணாங்கட்டி, உறவுமுறையில் மருமகன் ஆகிறவன், வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாதவன், அங்கிருந்தே கேட்டான்: "மாமா, நம்ம வீட்ல கால் புடிக்கிற தொழில் அமோகமா போவுது போலக்குதே?" தசரதன் அவன் பக்கம் திரும்பவே இல்லை. அந்தச் சொல் காதில் விழும்போது இன்னமும் சுருக்கென்றுதான் இருந்தது. போர்டில் பெயர் போடலாமா என்று எழிலரசி மறுபடி கேட்டதற்கு வேண்டாம் என்றே சொல்லியிருந்தார்.

ஐப்பசிப் பௌர்ணமி. நிலவு அப்போதுதான் எழும்பி, மலையின் ஒரு பக்கம் வெளுத்திருந்தது. கூட்டம் நெருக்கியடித்தது. எழிலரசியோடு ஆஸ்பத்திரியிலிருந்து ஆர்த்தி என்ற ஜூனியர் பெண்ணும் வந்து கட்டிலின் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தாள். அப்போது வெளியூர் இளைஞர்கள் இருவர் ஒரு பெரியவரை இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்து, ஏறக்குறைய தூக்கிக்கொண்டே வந்தார்கள். வழியில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார், ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை. வேண்டாம் வேண்டாம் என்கிறார். நாங்கள்தான் விடவில்லை, இங்கே டாக்டரம்மா இருக்கிறார்களே என்று சொல்லி அவரைக் கட்டிலின் படியருகே நிறுத்தினார்கள்.

தருமன்.

பேரனுக்காக ஒன்பது பௌர்ணமி மலை சுற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தார். நடுவில் வீட்டுக்குத் திரும்பினால் வேண்டுதல் உடையும்; வண்டியில் ஏறினாலும் உடையும். கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது. வலியில் முகம் கோணியிருந்தும் கண்ணை மட்டும் தசரதன் பக்கம் திருப்பவில்லை.

மண்ணாங்கட்டி பாய்லரை அப்படியே விட்டுவிட்டு ரோட்டைத் தாண்டி வந்தான். அவன் பின்னால் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர். கிணற்றுப் பஞ்சாயத்தன்று அங்கே நின்றிருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். மீசை எந்த வார்த்தைக்கு ஈடு என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். எழிலரசிக்கும் தெரியும். அவள் கையைத் துடைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"இவர நான் திருப்பி அனுப்ப மாட்டேம்பா. ஆனா உங்களக் கேக்காம தொடவும் மாட்டேன்."

தசரதனுக்கு அந்த இடத்தில் பல வழி இருந்தது. ஆர்த்தியைப் பார்க்கச் சொல்லலாம், அவள் வெளியாள். வரிசையில் வரச் சொல்லலாம். அதற்குள் தருமனே ரோஷத்தில் போய்விடுவார். எல்லாம் மனதில் வந்தது. வந்த வேகத்திலேயே எல்லாம் கூச்சமாகவும் இருந்தது. கால் நொந்து வாசலுக்கு வந்தவனை முகம் பார்த்துத் திருப்பிய வீடு என்று நாளைக்கு ஒரு பெயர் வந்தால், அதை எந்த மீசையால் மறைப்பது? மகள் படித்த படிப்பு பகையாளிக்கு ஒன்று, மற்றவர்க்கு ஒன்று என்று இருந்தால் அது என்ன படிப்பு?

நாற்காலியை விட்டு எழுந்தார். தோள் துண்டைச் சரிசெய்தார். ஊர் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னார்:

"படுக்க வெச்சிக் காலைப் புடிம்மா."

தருமனை ஏற்றிப் படுக்கவைத்தார்கள். எழிலரசி நின்றபடி குதிகாலை ஒரு உள்ளங்கையில் தாங்கி, மறு கையால் பாதத்தை மெல்ல முழங்காலை நோக்கித் தள்ளினாள். தருமன் பல்லைக் கடித்தார். "மூச்ச விடுங்க பெரியப்பா. புடிச்சி வெக்காதீங்க" என்றாள். கட்டை விரலால் கெண்டைத் தசையின் ஓரமாக இறங்கி இறங்கி நீவினாள். இறுக்கம் விட்டது. தருமனின் முகமும் தளர்ந்தது. "யம்மா" என்றார், குழந்தை மாதிரி.

கூட்டம் தசரதனின் மீசையையே பார்த்தது. பேசாமல் இருக்க முடியாதவன் ஒருவன்தானே உண்டு.

"மாமா, மீசை?" என்றான் மண்ணாங்கட்டி.

"சொன்னது சொன்னதுதான். காலையில எடுத்துடறேன்" என்றார் தசரதன். குரல் நிமிர்ந்தேதான் இருந்தது.

மண்ணாங்கட்டிக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. வம்புக்குக் கேட்டானே தவிர, அந்த முகத்தை மீசையில்லாமல் அவனாலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சமாளிக்கப் பார்த்தான். எழில் இப்போது கட்டிக்கொடுத்த பெண், வேங்கிக்கால் வீட்டுக்காரி. உங்கள் வீட்டிலிருந்து பிடித்ததாகக் கணக்கில் வராது என்றான்.

"எவன் சொன்னான்?" தசரதனுக்கு அப்போதுதான் நிஜமாகக் கோபம் வந்தது. "என் பொண்ணு என் வீடுதாண்டா. எங்க கட்டிக் குடுத்தாலும் என் வீடுதான். மீசைக்காக அவள வெளியாளுன்னு சொல்லுவனா?"

எழிலரசியின் கை ஒரு கணம் நின்று, மறுபடி நீவத் தொடங்கியது.

கட்டிலில் படுத்திருந்த தருமன் கனைத்தார். அவருக்கும் மானம் இருந்தது. வைத்தியம் பார்த்துக்கொண்ட வீட்டில் மீசையை வாங்கிக்கொண்டு போனான் தருமன் என்று ஊர் பேசினால் அவர் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது? கூரையைப் பார்த்தபடியே, "நான் சொன்னது வேற. வந்து கெஞ்சறதச் சொன்னேன். இத விட்டுடலாம்" என்றார்.

"உன் தயவுல எனக்கு மீசை வாணாம்" என்று தசரதன் ரோட்டைப் பார்த்துச் சொன்னார்.

வரிசையில் நின்ற வெளியூர்க்காரர்கள் ஒன்றும் விளங்காமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தருமன் எழுந்து உட்கார்ந்தார். காலை நீட்டி மடக்கிப் பார்த்தார், வலி போயிருந்தது. படியில் இறங்கி, "வரேம்மா, நல்லாருப்ப" என்று எழிலரசியிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார். பெரியப்பா என்ற உறவில், காசு என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை.

அப்போதுதான் தசரதனுக்குப் பொறிதட்டியது. மகள் அன்று கை கழுவும் முன் சொன்ன பேச்சு, தொழில்னா தொழிலாட்டம் இருக்கணும் என்றது, இப்போது வந்து முழுதாகப் புரிந்தது.

"நில்லு" என்றார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அண்ணனை நேராகப் பார்த்துச் சொன்ன முதல் சொல். "ஃபீஸு?"

தருமன் விழித்தார். பொண்ணு முறையாச்சே என்றார்.

"முறையெல்லாம் அப்புறம். ஊர் கேக்கறாப்ல சொல்றேன், கேட்டுக்க. காலைப் புடிக்கிறவன் காசு கேக்க மாட்டான். அவன் ஒண்ணு வேணும்னு வந்து நிக்கறவன். இங்க வேணும்னு வந்தது யாரு? குடுக்கறது யாரு? நீ ஃபீஸு குடுத்தா, அவ பார்த்தது வைத்தியம், என் மீசை என்னுது. குடுக்காம போனியானா, எங்க வீட்ல உன் காலைப் புடிச்சதா ஆயிடும். காலையில நான் எடுத்தே தீருவேன். எடுக்க வெச்ச பேரு உனக்கு. எது வேணும்?"

தருமன் இடுப்பு மடியை அவிழ்த்து, அதில் இருந்த பணத்தை எடுத்து, ஆர்த்தி நீட்டிய டப்பாவில் போட்டார். "ஊசியாட்டம் பேசற. அந்தக் கெணத்துப் பஞ்சாயத்துலயும் இப்படித்தான் பேசன" என்றார். அதில் பாதி திட்டு, பாதி வேறு என்னவோ.

"பெரியப்பாவுக்கு ரசீது குடும்மா" என்றார் தசரதன்.

மண்ணாங்கட்டி வாயைத் திறந்தான். தசரதன் மீசையை ஒருதரம் நீவியதைப் பார்த்து மூடிக்கொண்டு, பொங்கிக்கொண்டிருந்த பாலைப் பார்க்க ஓடினான்.

தருமன் ரோட்டில் இறங்கினார். முதல் இரண்டு அடி சந்தேகமாக வைத்தார். அப்புறம் காலை ஊன்றி நடந்தார். எழிலரசி ஷெட்டின் வாசலுக்கு வந்து நின்று பார்த்தாள். பக்கத்தில் தசரதனும் வந்து நின்றார். நிலா வெளிச்சத்தில் அந்த வெள்ளை வேட்டி வளைவைத் தாண்டி மறையும்வரை இருவரும் நகரவில்லை. அவள் எதைப் பார்க்கத்தான் இந்தத் தொழிலை எடுத்தாளோ, அதைத்தான் அவரும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நேராத்தான் நடக்கறான்" என்றார்.

"ம்" என்றாள் மகள்.

"போர்டுல எடம் இருக்கா?"

"மேல நெறைய இருக்குதுப்பா."

"பேருக்கு முன்னால 'தசரதன் மகள்'னு போடச் சொல்லு. எழுத்து சின்னதா இருக்கக் கூடாது."

சொல்லிவிட்டு வரிசையின் பக்கம் திரும்பினார். முதலில் நின்றவர் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தயங்கினார்.

"வாங்க, ஏறிப் படுங்க" என்றார் தசரதன். "இந்த வீட்ல காலை நல்லா புடிப்பாங்க."

கூச்சமே இல்லாமல், சொந்த வாயால் சொன்னார்.